சவுக்குமுனையில் நின்ற அலை

சவுக்குமுனையில் ஓர் அலை விழாமல் நின்றுகொண்டிருந்த காலத்தில் எங்கள் பக்கத்து ஆட்கள் அதைப் பற்றிச் சொல்வதென்றால், சந்தைக்குப் போகிற வழியில் ஒரு புளியமரம் நிற்கிறது என்று சொல்வதுபோலத்தான் சொல்வார்கள். புளியமரத்தைவிட அது கொஞ்சம் உயரம். ஐப்பசி மாதத்தில், மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு காலையில், கரையிலிருந்து அப்போதுதான் புறப்பட்ட வத்தை ஒன்றுக்கு எதிரே எழும்பி, அந்தப் பாய்ப்படகைப் பக்கவாட்டில் அப்படியே தூக்கிக்கொண்டு, உச்சியில் நுரை சுருண்டு, இதோ விழுந்துவிட்டது என்று கரையில் நின்றவர்கள் எல்லாம் கண்ணை இறுக்கிக்கொண்ட நேரத்தில், விழாமல் நின்றுவிட்டது. கண்ணைத் திறந்து பார்த்தால் நிற்கிறது. நுரை சுருண்டபடி, வத்தை சாய்ந்தபடி, வத்தைக்குள் இருந்த நாலு ஆளும் பிடித்ததைப் பிடித்தபடி, அன்றைய மழைத்துளிகூட அந்தரத்தில் தொங்கியபடி, பச்சைக் கண்ணாடிக்குள் வைத்ததுபோல நிற்கிறது.

முதல் நாள் கத்தினார்கள். வடம் எறிந்து பார்த்தார்கள், வடம் நனைந்து திரும்பி வந்தது. நீச்சல் தெரிந்த இளந்தாரிகள் அலைக்குள் பாய்ந்து அந்தப் பக்கம் போய் எழுந்தார்கள். உள்ளே தண்ணீரைத் தவிர ஒன்றும் கையில் தட்டவில்லை என்றார்கள். கரையில் நின்று பார்த்தால் மட்டும் ஆள் இருந்தது. கடலம்மனுக்குக் கிடாய் வெட்டினார்கள். சர்க்கார் ஜீப் ஒன்று வந்தது. இறங்கிய அதிகாரி அலையைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார், செத்துப்போனார்கள் என்றால் பிணம் எங்கே, உயிரோடு இருக்கிறார்கள் என்றால் ஏன் இறங்கி வரவில்லை என்று கேட்டுவிட்டு, நல்ல பாரை மீனாகப் பார்த்து வாங்கிக்கொண்டு போனார்.

அப்புறம் பழகிவிட்டது. காலை வெயிலில் அலையின் நிழல் கரையில் பச்சையாக விழும்; அந்த நிழலில் உட்கார்ந்து ஆம்பிளைகள் கிழிந்த வலையைப் பொத்தினார்கள், கூடைக்காரப் பெண்கள் வெற்றிலை போட்டார்கள், சாரல் பட்டால் புழுத்துவிடும் என்று கருவாடு காயப்போடுவதை மட்டும் மேற்கே தள்ளி வைத்துக்கொண்டார்கள். வழிவிட்டான் என்று ஒருவர் பெஞ்சு போட்டு டீக்கடை வைத்தார். புதுசாகக் கல்யாணம் ஆனவர்களை அலைக்கு முன்னால் நிறுத்தி விழுந்து கும்பிட வைத்தார்கள். நாலு பேரில் ஒருவருடைய மனைவி வேறு ஊரில் மறுபடி வாழ்க்கைப்பட்டாள். அவள் வெள்ளிக்கிழமைதோறும் புதுப் புருஷனையும் கூட்டிக்கொண்டு வருவாள், அந்த ஆள் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே நிற்கிறவரை அண்ணே என்று கும்பிட்டுவிட்டு, அவள் பேசி முடிக்கும் மட்டும் டீக்கடையில் போய் உட்கார்ந்திருப்பார். அலை ஓயாமல் ஒரு முனகல் முனகும், சங்கைக் காதில் வைத்தால் கேட்குமே அதைப்போல. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அது இல்லாவிட்டால் தூக்கம் வராது. வெளியூருக்கு வாக்கப்பட்டுப் போகிற பெண் ஒரு சங்கை எடுத்துப்போய்த் தலைமாட்டில் வைத்துக்கொள்வாள்.

உள்ளே இருந்தவர்களில் மூன்று பேர் முகம் தலைக்கு மேல் சுருண்ட நுரையைப் பார்த்து, கரைக்குப் பக்கவாட்டில் தெரியும்படி இருக்கும். சுக்கான் பிடிக்க வேண்டிய நாலாவது ஆள் மட்டும் கழுத்தைத் திருப்பிக் கரையைப் பார்த்தபடி, வாயைத் திறந்தபடி இருப்பார். அவர் கையில் சுக்கான் இருக்காது.

கடலுக்குப் போகிற ஆளைப் பின்னால் நின்று கூப்பிடக் கூடாது. வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டால் அந்த ஆள் கரைக்குத் திரும்பி வந்து, உட்கார்ந்து, கூப்பிட்டவள் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் மறுபடி வத்தை ஏற வேண்டும். அந்தக் கரையில் பல் முளைக்காத பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. அன்றைக்கு அந்த ஆளின் பெண்டாட்டி பின்னால் நின்று கூப்பிட்டாள், அவர் திரும்பினார், சுக்கான் கையை விட்டுப் போனது, வத்தை அலைக்கு விலாவைக் காட்டிவிட்டது. ஊர் இப்படித்தான் சொன்னது. கூப்பிட்டவளை மண்ணை வாரித் தூற்றினார்கள். அவள் ஊரை விட்டுப் போனாள். எங்கே போனாள் என்று யாரும் கேட்கவில்லை.

நானும் நம்புத்தாயும் கல்யாண மண்டபத்தில் காய் நறுக்குகிறவர்கள். எனக்கு அவளைவிடப் பதினைந்து வயது கூட இருக்கும், ஆனாலும் சேக்காளிகள். ஆளுக்கு ஒரு அரிவாள்மனையோடு எதிரெதிரே உட்கார்ந்து பூசணிக்காய் அறுத்தவர்களுக்கு வயசு என்ன வயசு. அந்தப் பங்குனியில் மண்டபத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள், வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். வேம்பு பூத்து ரோடெல்லாம் உதிர்ந்து கிடந்தது. கடல் அந்த மாதத்தில் தாம்பாளத்தில் ஊற்றின எண்ணெய் மாதிரி அசையாமல் கிடக்கும்.

“மைமூனக்கா, ஒரு நாள் கடக்கரைப் பக்கம் சும்மா போய்ட்டு வருவமா?” என்று நம்புத்தாய் கேட்டாள்.

இத்தனை வருடப் பழக்கத்தில் அவள் கடல் இருக்கிற திசையில் தலைவைத்துப் படுத்ததில்லை. மீன் வேகிற அடுப்பை விட்டுத் தள்ளி உட்காருவாள். இன்னொன்றும் உண்டு, காலையில் அவள் சாப்பிட்டு நான் கண்டதில்லை. விடிய விடியக் காய் நறுக்கிவிட்டுக் குடல் சுருண்டு கிடக்கும்போது, முதல் பந்திக்கு முன்னாடி எங்களுக்கு இலை போடுவார்கள். எல்லோருக்கும் ஓடி ஓடிப் பரிமாறுவாள், தன் இலையை மடித்து வைத்துவிடுவாள். கேட்டால், “பழக்கமில்லக்கா” என்பாள். உச்சி சாய்ந்த பிறகுதான் சோறு.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் எனக்குக் கொடுத்துவிட்டு அவள் மடியில் ஒரு தூக்குவாளியையும், துணி சுற்றின செம்பு ஒன்றையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“என்னடி தூக்குல? புளிச்சோறா?”

“வெறுஞ்சோறுக்கா. தண்ணி ஊத்துனது.”

“ஊர் சுத்தப் போறவ எவளாவது பழைய சோத்தைத் தூக்கிக்கிட்டு வருவாளா? என்னையப் பாரு, எலுமிச்சம்பழச் சோறு, அவிச்ச முட்டை, ஊறுகா. உன்னையக் கூட்டிக்கிட்டு மாமியா வீட்டுக்குக்கூடப் போக முடியாதுடி.”

“உங்க சோத்த மத்தியானம் திங்கிறேன். இதை மட்டும் தொட்டுறாதீக.”

உப்பளம் வெள்ளை வெள்ளையாய்ப் போயிற்று, பனங்காடு போயிற்று, தண்ணீர் தேங்கின இடத்தில் பூநாரைக் கூட்டம் ஒற்றைக் காலில் நின்றது. தர்கா வாசலில் இறங்கி நான் பாத்திஹா ஓதிவிட்டு வந்தேன், அவள் என் செருப்புக்குக் காவல் நின்றாள். அடுத்த பஸ்ஸில் எங்கள் பக்கத்தில் ஒரு மீன்கூடைக்காரி வந்து உட்கார்ந்தாள். வாய் ஓயாத மனுஷி. எங்கே போகிறீர்கள் என்றாள். நான் சும்மா, கரை ஓரமாக, என்றேன்.

“அப்ப அலையைப் பாத்துருங்க. இந்தப் பங்குனியில கொஞ்சம் குனிஞ்சாப்ல இருக்கு. ஆடிக் காத்துக்கு நிக்காதுன்னு பேசிக்கிறாக.”

நம்புத்தாய் அவளை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள். “அந்தச் சுக்கான்காரரு வாய் திறந்திருக்குன்னு சொல்றாகளே. என்ன சொல்றாராம்?”

“என்னத்தச் சொல்லுவாரு! அடி சண்டாளி, கெடுத்துட்டியேங்கிறாரு. உதட்டப் பாத்தாலே தெரியும்ல? எங்க மாமியா அவருக்கு நேரா சின்னப் புள்ளைகள நிக்க விடாது, கெட்ட வார்த்தை பேசுறாரு, புள்ளைக படிச்சுக்கிரும்னு. ஒரு தடவை வாய் பேசாத ஆளு ஒருத்தரைக் கூட்டியாந்தாக. அடுத்தவுக உதட்ட வச்சே பேச்சக் கண்டுபிடிச்சிருவாரு. அந்த மனுசன் பொழுது சாயிற மட்டும் பாத்துட்டு, இது முத எழுத்துதான், ‘அ’ன்னு ஆரம்பிக்குது, மிச்சம் இன்னும் அவரு வாய்க்குள்ளயே கெடக்குன்னு கையக் காட்டிட்டுப் போய்ட்டாரு. ‘அ’ன்னா என்ன? அடி சண்டாளிதான்!” அவள் சிரித்தாள். “கூப்புட்ட முண்டை எந்த ஊர்ல சொகமாத் தின்னுக்கிட்டு இருக்காளோ. இருளாயி ஆத்தா சொல்லி வச்சிருக்கு, அவ கால் எங்க மண்ணுல பட்டா ஒடிச்சு அடுப்புல வைப்பேன்னு.”

நானும் சேர்ந்து சிரிக்கத்தான் வாயெடுத்தேன். அப்போதுதான் தூக்குவாளியின் காதைப் பிடித்திருந்த நம்புத்தாயின் விரல்களைப் பார்த்தேன். ரத்தம் இல்லாமல் வெளுத்துப் போயிருந்தன.

சவுக்குமுனைக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே அவள் என்னை இறக்கிவிட்டாள். கரை ஓரமாக நடந்தோம். தண்ணீர் கணுக்காலைத் தொட்டுவிட்டு ஓசையில்லாமல் திரும்பிப் போயிற்று. நான் சோழி பொறுக்கினேன். பனைமரத்தடியில் ஒருவர் நுங்கு சீவிக்கொண்டிருந்தார். ஆளுக்கு ரெண்டு வாங்கிக்கொண்டு நிழலில் உட்கார்ந்தோம். நம்புத்தாய் நுங்கைக் கையில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தாள், கடலில் என்ன இருக்கிறது, வெறும் வெளிச்சம்.

“அது நான்தான்க்கா,” என்றாள்.

அவளே சொன்னாள்.

“அந்த ஐப்பசியில ஒரு வாரம் யாரும் கடலுக்குப் போகல. ஒரு வீட்டுலயும் அடுப்பு எரியல. எனக்கு வயித்துல மூணு மாசம், வாய்க்கு வந்ததெல்லாம் வாந்தி. பானையில ஒரு கைப்பிடி அரிசி கெடந்துச்சு. அதை வடிச்சுத் தண்ணி ஊத்தித் தூக்குல வச்சேன், பசியோட போற மனுசனுக்கு ஆகும்னு. அவரு வாசல்லயே அதை வச்சிட்டுப் போய்ட்டாரு. மறந்துட்டாருன்னு நெனச்சேன். தூக்கிக்கிட்டு ஓடுனேன். வத்தை கெளம்பிருச்சு. எனக்குக் கூப்பிடக் கூடாதுங்கிறது அந்த நேரம் நெனப்புலயே இல்ல. ‘இந்தாங்க, தூக்கை மறந்துட்டுப் போறீகளே’ன்னு கத்துனேன். திரும்புனாரு. அம்புட்டுத்தான்.”

“தூக்கு?”

“கையை விட்டு விழுந்துருச்சு. நாய் வந்து தின்னுச்சு. தின்னு முடிக்கிற மட்டும் அதையே பாத்துக்கிட்டு நின்னேன்.”

“வயித்துல இருந்தது?”

“அதுவும் நிக்கல.”

நுங்குக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு அரிவாளைத் துடைத்துக்கொண்டு தள்ளிப் போனார்.

“காய் வண்டிக்காரர்தான் சொன்னாரு, அலை குனியுதுன்னு,” என்றாள் நம்புத்தாய். “அது தானா ஒரு நாள் விழுந்துச்சுன்னா அவரு சொல்ல வந்தது அந்தச் சத்தத்துல போயிரும். திட்டுறதா இருந்தாத் திட்டட்டும்க்கா. சண்டாளின்னா சண்டாளி. முழுசாக் கேட்டுட்டாப் போதும். ஒரு எழுத்தை மட்டும் வச்சுக்கிட்டு முப்பது வருசத்துக்கு மேல ஓட்டிட்டேன், அதோட எப்படிச் சாகுறது? தண்ணி கொண்டாந்திருக்கேன். கூப்பிட்டவதானே குடுக்கணும். அன்னைக்கு அதைச் செய்யாம ஓடிட்டேன்ல.”

நான் நுங்கு மட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்தேன். “வா. உன் காலை ஒடிக்கிறவ என் காலையும் சேத்து ஒடிக்கட்டும். எனக்கு எப்படியும் முழங்கால் வலி.”

வளைவு திரும்பியதும் அலை தெரிந்தது. சுற்றிலும் பங்குனிக் கடல் பாய் விரித்ததுபோலக் கிடக்க, அது மட்டும் ஐப்பசியில் நின்றது. கிட்டே போகப் போக மழை வாசம் அடித்தது. வெயில் உச்சிக்கு வந்துவிட்டதால் நிழல் அதன் காலடியில் சுருங்கிக் கிடந்தது. நம்புத்தாய் தலையைக் குனிந்துகொண்டே நடந்தாள். அவள் பார்க்காததால் அந்தச் சுக்கான்காரரை நான்தான் முதலில் பார்த்தேன். அவர் பெயர் சேதுபாண்டி என்று பின்னால் தெரிந்துகொண்டேன். நல்ல கறுப்பு, மூக்கும் முழியுமான பையன். பையன் என்றுதான் சொல்ல வேண்டும். இவள் தலையில் பாதி வெளுத்துவிட்டது. பெற்ற பிள்ளையைப் பார்க்கப் போகிற தாய் மாதிரி இருந்தாள், புருஷனைப் பார்க்கப் போகிறவள் மாதிரி இல்லை.

டீக்கடையில் வழிவிட்டான் கிளாசைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து, “வாங்க, அலை பாக்கவா, டீ போடவா?” என்றவர், தூக்குவாளியைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், கையில் இருந்த கிளாசை அப்படியே வைத்தார். ஊருக்குள் நடந்தார். கொஞ்ச நேரத்தில் ஊர் வந்தது. வலையைப் போட்டுவிட்டு வந்தார்கள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் கம்பை ஊன்றிக்கொண்டு இருளாயி வந்தாள். வத்தைக்குச் சொந்தக்காரர் கோட்டைச்சாமியின் மனைவி. கோட்டைச்சாமி அலைக்குள் முன்பக்கம் கயிற்றைப் பிடித்தபடி இருக்கிறார்.

“எவ அது?”

“நான்தான் ஆத்தா. நம்புத்தாய்.”

“குரல் மாறல,” என்றாள் இருளாயி. அவள் கண்ணில் பூ விழுந்திருந்தது. “அந்தக் குரலை மறப்பனா. கூட நிக்கிறது யாரு?”

“கூட வேலை பாக்குறவ. மைமூன்னு பேரு,” என்றேன் நான்.

“பாய் வீட்டம்மாவா? நீ உக்காரு தாயி, வழிவிட்டான் டீ தருவான். அவளுக்குக் கெடையாது.” கம்பால் மணலைத் தட்டினாள். “என்னடி வேணும் உனக்கு? மிச்சம் என்ன வச்சிட்டுப் போனே, எடுத்துட்டுப் போறதுக்கு?”

“அவருக்குத் தண்ணி குடுக்கணும்.”

கூட்டத்தில் ஒரு கூச்சல் எழுந்தது. இவள் வாய் திறந்தால் அலை விழும் என்று ஒருத்தி கத்தினாள். நிக்கிற மட்டும் அவுக சாகலடி, அதையும் கெடுக்க வந்தியா என்று இன்னொருத்தி மண்ணை அள்ளினாள். இந்த அலைக்கு முன்னால்தான் என் பிள்ளைக்கு மொட்டை போட்டேன், என் மகளுக்கு நிச்சயம் பண்ணினேன், இதை நம்பித்தான் கடை போட்டிருக்கிறேன் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. தன் தாயும் தகப்பனும் படுத்திருக்கிற இடத்தைத் தோண்ட வந்தவளைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார்கள். நம்புத்தாய் திட்டுகிற வாயையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள், மண் முகத்தில் விழுந்தபோது கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள், செம்பின் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

இருளாயி என் குரல் வந்த பக்கம் திரும்பினாள். “எங்க வீட்டுக்காரவுக, முன்னால கயித்தப் பிடிச்சுக்கிட்டு இருக்கவுக, எப்படி இருக்காகன்னு சொல்லு பாய் வீட்டம்மா,” என்று என்னைக் கேட்டாள். “எனக்குக் கண்ணு மங்கி நாளாச்சு. இவுக எல்லாம் என் மனசு நோகக் கூடாதுன்னு நல்லா இருக்காருன்னே சொல்றாக. நீ அசலூரு. உள்ளதைச் சொல்லு.”

நான் பார்த்தேன். “இளமையா இருக்காருங்க. கறுப்பு மீசை. நெத்தியில ஒரு வெட்டுக்காயம், ரத்தம் கோடு மாதிரி நிக்குது. பயந்துபோய் இருக்காரு.”

“பயந்துபோயா?”

“ஆமாங்க. கண்ணு ரெண்டும் வெளியே வந்துரும் போல. விழப்போறதைப் பாத்துக்கிட்டே இருக்காரு.”

கூட்டம் அலையைத் திரும்பிப் பார்த்தது. எல்லோரும் அந்த முகத்தைத் தினம் பார்த்தவர்கள்தான். தினம் பார்த்ததால் அதை முகம் என்று எடுத்துக்கொண்டார்கள். பயம் என்று எடுத்துக்கொள்ளவில்லை.

“எம்மகனுக்கு மீசை நரைச்சிருச்சு,” என்றாள் இருளாயி. “அவுக அப்பனுக்கு இன்னும் கறுப்பு. நான் இன்னைக்கோ நாளைக்கோ போயிருவேன். என்னையத் தூக்கிக்கிட்டுப் போறதை அந்தக் கண்ணை வச்சுக்கிட்டு அவுக பாத்துக்கிட்டு நிக்கணுமா?” கம்பைக் கீழே போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்தாள். “கூப்புடுடி.”

“ஆத்தா!” என்று வழிவிட்டான் ஓடிவந்தார்.

“உன் டீக்கடையை பஸ் நிக்கிற எடத்துல போடு. கூப்புடுடி நம்பு.”

நம்புத்தாய் தூக்குவாளியை மணலில் வைத்தாள். செம்பின் துணியை அவிழ்த்தாள். முழங்கால் தண்ணீரில் இறங்கி அலைக்கு முன்னால் போய் நின்று, அப்போதுதான் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். ஊர்க்காரர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்கள். நான் போகவில்லை, தண்ணீரில் இறங்கி அவளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

“இந்தாங்க,” என்றாள். அலையின் முனகலில் அது கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். “இந்தாங்க. தண்ணி குடிச்சிட்டுப் போங்க.”

செம்பை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அலை முனகிக்கொண்டே நின்றது. கை இறங்காமல் அவள் நின்றுகொண்டே இருந்தாள், வெயில் அவள் பிடரியில் அடித்தது. பிறகு செம்பில் தண்ணீர் ஒரு வாய் குறைந்தது. பக்கத்தில் இருந்ததால் எனக்குத் தெரிந்தது.

முனகல் நின்றது. ஊருக்குள் தொட்டில்களில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்து வீரிட்டன. அதற்கும் பிறகு, தண்ணீர் விழும் முன்னால், ஒரு குரல் கரைக்கு வந்தது. கரையில் நின்ற அத்தனை பேரும் கேட்டோம். வெறும் வயிற்றோடு வேலைக்கு அவசரமாய்ப் போகிற ஓர் இளந்தாரியின் குரல், கொஞ்சம் சலிப்பும் கொஞ்சம் சிரிப்புமாக, காற்றுக்கு மேல் கேட்க வேண்டும் என்று கத்திச் சொன்ன குரல்:

“அடியே, மறக்கலை. நீ தின்னு.”

அப்புறம்தான் அலை விழுந்தது. கொடியில் கிடந்த சேலை நழுவி விழுவதுபோல விழுந்தது. அந்த உயரத்துக்கு ஊரே போயிருக்க வேண்டும். ஆனால் எங்கள் இடுப்பை நனைத்துவிட்டு, டீக்கடை பெஞ்சைப் புரட்டிப் போட்டுவிட்டு, ஐப்பசி மழையைக் கொஞ்சம் எங்கள் தலையில் கொட்டிவிட்டு, மற்றக் கடலோடு போய்ப் படுத்துக்கொண்டது. வத்தை மணலில் வந்து மோதி விலா பிளந்தது. நாலு பேரும் கரையில் கிடந்தார்கள். கோட்டைச்சாமியின் நெற்றிக் காயத்திலிருந்து நின்றிருந்த ரத்தம் அப்போதுதான் வழிய ஆரம்பித்தது, புது ரத்தம், சூடு இருந்தது. ஒரு நிமிஷம் எல்லோருக்கும் ஆசை வந்தது. ஓடிப்போய் நெஞ்சில் காதை வைத்தார்கள், வயிற்றை அமுக்கினார்கள், வாயில் ஊதினார்கள். இல்லை.

அதற்குப் பிறகு அந்தக் கரையில் எழுந்த அழுகையை நான் எதோடு ஒப்பிடுவது. எல்லோருக்கும் அந்தச் சாவு அன்றைக்குத்தான் நடந்தது. மறு கல்யாணம் செய்துகொண்டவள் அன்றைக்கு வரவில்லை, வெள்ளிக்கிழமை இல்லையே; அவளுக்குச் சொல்லி அனுப்ப ஆள் ஓடியது. இருளாயி கையால் தடவித் தடவித் தன் புருஷன் முகத்தைக் கண்டுபிடித்து, விரித்திருந்த கண் இரண்டையும் மூடினாள். “எம்பேரன் மாதிரி இருக்காகளே, எம்பேரன் மாதிரி இருக்காகளே,” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நரைத்த மீசைக்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அப்பா என்று கூப்பிட முடியாமல், தம்பி என்றும் கூப்பிட முடியாமல், அந்த இளந்தாரிக் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

சேதுபாண்டியின் வாய் மூடியிருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தவர் மாதிரி மூடியிருந்தது.

நம்புத்தாய் அழவில்லை. அவர் தலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். முந்தானையால் அவர் முகத்து மணலைத் துடைத்தாள், காதுக்குள் இருந்ததைக்கூட விரலால் எடுத்தாள். பிறகு சுற்றும் முற்றும் பார்த்தாள். தூக்குவாளி அலையில் புரண்டு கொஞ்சம் தள்ளிக் கிடந்தது, மூடி கழன்றிருக்கவில்லை. நான் போய் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன்.

அவள் மூடியைத் திறந்து, ஒரு கை சோற்றை அள்ளி வாயில் வைத்தாள்.

யாரோ ஒருத்தி, பொணத்தை மடியில போட்டுக்கிட்டுத் திங்கிறாளே என்று சொல்ல ஆரம்பித்தாள். சொல்லி முடிக்கவில்லை. அவளும் அந்தக் குரலைக் கேட்டவள்தான். மண் அள்ளின கைகள் எல்லாம் தொங்கிப்போய் நின்றன. பஸ்ஸில் வந்த கூடைக்காரி கூட்டத்துக்குப் பின்னால் வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். நம்புத்தாய் யாரையும் பார்க்கவில்லை. அள்ளி அள்ளித் தின்றாள், பசி என்றால் அப்படி ஒரு பசி, மூன்று மாதப் பிள்ளைத்தாய்ச்சிக்கு வருகிற பசி, மென்றும் மெல்லாமலும், நீர் உதட்டோரம் வழிய, உப்புக் கலந்துவிட்டதா இல்லையா என்றுகூடப் பார்க்காமல்.

இருளாயியின் காலடியில் செம்பு உருண்டு கிடந்தது. அவள் அதைத் தடவி எடுத்தாள். “வழிவிட்டான், இதுல தண்ணி ஊத்து,” என்றாள். ஊற்றினார். செம்பை ஒரு கையிலும் கம்பை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு, அழுகிறவர்களுக்கு நடுவே வழி கேட்டுக் கேட்டு நடந்து வந்து, நம்புத்தாய்க்கு முன்னால் நின்றாள்.

“மெதுவாத் தின்னுடி,” என்றாள். “விக்கப்போகுது. இந்தா, தண்ணி.”

நம்புத்தாய் எச்சில் கையை எடுக்காமல் இடது கையை நீட்டி வாங்கி ஒரு வாய் குடித்தாள். மறுபடி தூக்குக்குள் கையை விட்டாள்.